அம்மாவின் காதுக்குள் அடித்த பம்பை

அந்த வருஷம் கார்த்திகை தீபம் முடிந்து பதினைந்து நாள் இருக்கும். மலை உச்சியிலிருந்து தீபம் ஏற்றின கொப்பரையை இறக்கியாகிவிட்டது. வெளியூர்க் கூட்டம் போய், ரோட்டோரக் கடைகளைப் பிரித்து, ஊர் பழையபடி ஆகிவிட்டது. வெயிலுக்கு முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"தீபம் முடிஞ்சி எம்மா நாளாச்சு. இன்னும் எவன்டா பம்பை அடிச்சிகினு கீறான்?"

மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இதை நான் சொல்லச் சொல்ல என் பெரிய மகள் எழுதிக்கொள்கிறாள். 'வேர்க்கடலைன்னே எழுதிடட்டுமாப்பா' என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். எனக்கு பஸ் போர்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் படிப்பு. ஏன் அவ்வளவோடு நின்றது என்பதும் இதற்குள்ளேயே வரும்.

அம்மா அப்படிக் கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. "எங்கியாவது தூரத்துல இருக்கும்மா" என்றேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் அடி அண்ணாமலை. மலை சுற்றுகிற பாதையிலேயே வீடு. ஒரு பக்கம் கல்யாணம், ஒரு பக்கம் சாவு, ஒரு பக்கம் கூழ் ஊற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிப் பாட்டு போடுகிறார்கள். எந்த நேரத்தில் யார் 'மேளம் கேக்குது' என்று சொன்னாலும் எங்கேயோ மேளம் இருக்கத்தான் இருக்கும். வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார்கள். எங்களுக்கு ஒரு மாசம் ஆயிற்று.

அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. விடிகிற நேரத்தில் கோயிலுக்குக் கோயில் ஸ்பீக்கர். அது நின்ற பிறகும் அம்மா, "இன்னும் ஓயல பாரு" என்பாள்.

"அத்தே, அது மைக் செட்டு, அப்பவே நிறுத்திட்டாங்க" என்று என் மனைவி சொல்வாள்.

"மைக் செட்டு எனக்குத் தெரியாதாடி? இது பம்பை. சிலம்பு வேற குலுங்குது. நடுவுல ஒரு பொம்பள பாடறா."

"இன்னா பாட்டு அத்தே?"

"வார்த்தை தெரியல. ராகம்தான் வருது."

பம்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மேளத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டியிருக்கும். இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் அடிப்பார்கள். பெரிய கோயிலுக்குள் நாயனம், தவில். எங்கள் வீட்டுச் சாமிகளுக்குப் பம்பை, உடுக்கை, சிலம்பு. பம்பைச் சத்தம் கேட்டால் எங்கள் ஆட்களுக்கு ரோமம் நிமிரும். அது சாமியைக் கூப்பிடுகிற சத்தம்.

ஒருநாள் காலையில் அம்மா மேற்கே கையை நீட்டி, "அங்கிருந்துதான் வருது, யார் ஊட்டு விசேஷம்னு பார்த்துட்டு வா" என்றாள். நான் சைக்கிளை எடுத்தேன். மேற்கே போனேன். ஒன்றும் இல்லை. சரி, காற்று எந்தப் பக்கமோ என்று அப்படியே பாதையோடு போய்க்கொண்டே இருந்தேன். செங்கம் ரோடு வந்தது. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துக்கொண்டிருந்தார். டவுனுக்குள் நுழைந்து, தேரடி வீதி வழியாக, மலையை முழுசாக ஒரு சுற்று சுற்றி வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஒன்பது மைலுக்குக் குறையாது. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பார்த்தேன். மாவு மிஷின் சத்தம் கேட்டது, பஸ் ஹாரன் கேட்டது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வது கேட்டது. பம்பை இல்லை.

"யாரு ஊட்டுலடா?" என்றாள்.

வெறுங்கையோடு திரும்பியதைச் சொல்ல மனசில்லை. "செங்கம் ரோட்டுல ஒரு ஊட்டுல காதுகுத்து" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மார்கழியில எவன்டா காதுகுத்து வெப்பான்?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மார்கழியில் யாரும் நல்ல காரியம் எதுவும் செய்யமாட்டார்கள். எந்த வீட்டிலும் பம்பை இறங்காது. அம்மா எழுந்து உள்ளே போனாள். தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்து உருட்டி இரண்டு காதிலும் அடைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப இன்னும் ஜாஸ்தியா கேக்குதுடா. அது வெளிய இல்ல. உள்ள கேக்குது."

அவள் முகத்தில் அன்றைக்குப் பார்த்த பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வேலை செய்த இடத்தில் ஒருத்தியின் முந்தானை மிஷின் பெல்ட்டில் சிக்கியபோது ஓடிப்போய் அறுத்து விட்டவள் அவள். டவுனில் மல்லாட்டை உடைக்கிற மிஷினில், மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் பருப்பு பொறுக்கினாள். நானும் அங்கேதான் மூட்டை தூக்கினேன். எதற்கும் கலங்காத மனுஷி.

அந்தப் பயம் எதற்கு என்று சொல்ல வேண்டுமானால், அவள் என்னைப் பெற்றவள் இல்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். என்னைப் பெற்றவள் எனக்கு இரண்டு வயசு முடிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்கு ஒரு போட்டோ கிடையாது. முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வருஷம் அப்பா இவளைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அம்மா என்று கூப்பிட்டது இவளைத்தான். இவள் பெற்றவளை 'அக்கா' என்பாள். பார்த்ததுகூட இல்லை, ஆனால் அக்கா என்றுதான் சொல்வாள். வருஷா வருஷம் தைப் பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை அக்காவுக்கு ஒரு புதுப்புடவை எடுத்து, மஞ்சள் வைத்து, பூ வைத்துக் கும்பிட்டு, அதற்கப்புறம் அந்தப் புடவையைத் தான் கட்டிக்கொள்வாள். இரண்டாந்தாரமாக வந்தவர்கள் அப்படிச் செய்வது எங்களில் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன அந்த வீட்டுப் பெண்ணை முதலில் அழைக்க வேண்டும். பூவாடைக்காரி என்போம். கிணற்றடியில் கரகம் ஜோடித்து, பம்பைக்காரர்களைக் கூட்டிவந்து, அவள் பேரைச் சொல்லி வர்ணித்துப் பாடி அழைப்பார்கள். அவள் யாராவது ஒருத்தர் மேல் இறங்குவாள். 'கல்யாணத்தை நடத்து' என்று உத்தரவு கொடுப்பாள். மனசில் குறை இருந்தால் அதையும் எல்லார் எதிரிலும் சொல்லிவிடுவாள். அதற்குப் பயந்தே எத்தனையோ வீட்டில் பழைய சண்டைகளை முன்கூட்டியே தீர்த்துக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டில் தை கடைசியில் கல்யாணம். என் பெரிய மகளுக்கு, அதாவது இதை எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு. எங்கள் பூவாடைக்காரி, என்னைப் பெற்றவள்.

"அக்கா முன்கூட்டியே வந்துட்டா" என்றாள் அம்மா. "பம்பைக்காரன் வர்றதுக்கு முன்னாலயே வந்து நிக்கறா. எதையோ கேக்கத்தான் வந்து நிக்கறா."

"இன்னாம்மா கேக்கப் போறாங்க?"

"எம்புள்ளைய ஏன்டி படிக்க வெக்கலன்னு கேப்பா. நாலு பேர் எதுர, சம்பந்தி எதுர கேப்பா. நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

எனக்குப் பின்னால் அம்மாவுக்குப் பிறந்த என் தங்கை எட்டாவது வரை படித்துப் பால்வாடி டீச்சர் ஆனாள். நான் இரண்டாவதைத் தாண்டவில்லை. இதை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாற்றாந்தாய், தன் பெண்ணை மட்டும் படிக்கவைத்தாள், மூத்தாள் பிள்ளையை மாடு மேய்க்க விட்டாள். அம்மா குடம் எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனால் அவள் காதில் விழுகிற மாதிரியே பேசுவார்கள்.

நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அம்மா எனக்குத் தினமும் தலை சீவி, சிலேட்டைத் துடைத்துக் கொடுத்து, தூக்குவாளியில் கூழ் ஊற்றி அனுப்பினாள். நான் ஏரிக்கரை மறைவில் ஒரு கல்லுக்கடியில் சிலேட்டை ஒளித்துவிட்டு, மலைச்சரிவில் சீத்தாப்பழம் பறிக்கப் போய்விடுவேன். வாத்தியார் மூங்கில் குச்சி வைத்திருந்தார், அதுதான் காரணம். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி ஓட்டினேன். கடைசியில் பேரை அடித்துவிட்டார்கள். அப்பா, 'படிப்பு வரல, மாட்டைப் புடி' என்று விட்டுவிட்டார். அதற்குமேல் நான் செய்ததுதான் பெரிய பாவம். தெருவில் பெண்கள், 'பாவம், தாயில்லாப் புள்ள, படிக்க விடலியே' என்று கூப்பிட்டுக் கொழுக்கட்டை கொடுப்பார்கள். வாங்கித் தின்பேன். 'எங்கம்மா அனுப்புச்சாங்க, நான்தான் போகல' என்று ஒரு வார்த்தை சொன்னால் கொழுக்கட்டை நின்றுவிடும். சொல்லவில்லை. சின்ன வயசில் சொல்லாதது பெரியவன் ஆன பிறகு சொல்ல முடியாததாகிவிட்டது. நாற்பது வயசுக்குமேல் ஆகியும் அது என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

இது தெரியாமல் அவள் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு மத்தியானம் அம்மா கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "கேக்குதாம்மா?" என்றேன். தலையாட்டினாள். "அந்தப் பொம்பள குரலா?" அதற்கும் தலையாட்டினாள். எனக்கு என்ன தோன்றிற்றோ, பக்கத்தில் உட்கார்ந்து என் காதை அவள் காதோடு ஒட்டி வைத்தேன். தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. அவள் மூச்சு கேட்டது, என் ரத்தம் ஓடுவது கேட்டது. மூச்சை நிறுத்திக் கேட்டேன். என்னைப் பெற்றவள் ஒரு தோல் மறைப்புக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கும்போது உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னிடம் வராமல் இவளிடம் வந்தாளே என்று ஒரு பொறாமைகூட வந்தது. அம்மா என்னைத் தள்ளவில்லை.

"உனக்குக் கேக்குதாடா?"

"இல்லம்மா."

"கேக்கணும்னு எனக்கும் ஆசதான்" என்றாள்.

பொங்கல் முடிந்ததும் என் மனைவிதான் பிடிவாதமாக நின்றாள். "சாமியா இருந்தா எங்கியும் போவாது. காதா இருந்தா சீழ் புடிச்சிக்கும். மொதல்ல காதைப் பாருங்க." அதனால் போளூர் வழியாக பஸ் பிடித்து வேலூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். சின்ன வயசுக்காரர். அம்மாவின் தலையில் என்னென்னவோ மாட்டினார், சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொன்னார். அம்மா பல தடவை விரலைத் தூக்கவில்லை. இரண்டு காலுள்ள ஓர் இரும்பைத் தட்டி நெற்றியில் வைத்தார். அம்மா பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்ன வேலை பார்த்தாள் என்று விசாரித்தார். நான் மிஷினைப் பற்றிச் சொன்னேன்.

"காது பாதிக்குமேல போயிடுச்சும்மா. கொஞ்சம் கொஞ்சமா போனதால உங்களுக்கே தெரியல. வெளிய இருந்து சத்தம் கம்மியா போகுதா, மூளை சும்மா இருக்காது. பழசை எடுத்துத் தானே பாடிக்கும். கால் எடுத்தவங்களுக்கு இல்லாத கால் அரிக்கும் பாருங்க, அது மாதிரி."

"பைத்தியம் இல்லியே?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல. உங்கம்மா உங்களைவிடத் தெளிவா பேசறாங்க."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "தம்பி, இருபத்திரண்டு வருஷம் நான் கேட்டது மிஷின் சத்தம். பழசைத்தான் பாடும்னா, உள்ள மிஷின் இல்ல ஓடணும்? எப்பவோ ஒருவாட்டி கேக்கற பம்பை ஏன் அடிக்குது?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் சிரித்து மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. "அது எனக்குத் தெரியலம்மா. சிலருக்கு சாமி பாட்டு கேக்குது, சிலருக்கு பேண்டு வாத்தியம் கேக்குது. ஏன் அதுன்னு எங்க புஸ்தகத்துலயும் இல்ல" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். தூரத்தில் மலை தெரிய ஆரம்பித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள். "நல்ல புள்ள அந்த டாக்டரு. எப்படி வருதுன்னு சொல்லிட்டாரு. எதுக்கு வருதுன்னு தெரியலன்னு அவரே ஒத்துக்கினாரு." பயம் அப்படியேதான் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் கிணற்றடியில் பூவாடை வைத்தோம். கீழ்பென்னாத்தூரிலிருந்து சம்பந்தி வீட்டார் ஒரு வேனில் வந்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் கூடியிருந்தார்கள். கூட்டத்துக்கு ஓரத்தில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். பம்பைக்காரர்கள் மூன்று பேர். அதில் பெரியவர் பல் போனவர், வாயெல்லாம் வெற்றிலை. வந்ததும் என் மனைவியிடம், "காப்பி குடுத்தாத்தாம்மா சாமி வரும், எனக்கு மொதல்ல உசுரு வரணும்" என்றார். அம்மாவைத் தவிர எல்லாரும் சிரித்தார்கள்.

கரகத்துக்குப் பூ சுற்றினார்கள். புடவையும் மஞ்சளும் வைத்தார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். பெரியவர் பூவாடைக்காரி பேரைக் கேட்டார், சொன்னேன். பம்பை எழும்பியது. கிணற்றுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. 'தண்ணிக்கு வந்தவளே, தலைவாசல் காத்தவளே, பேத்திக்கு மாலை பூட்டப் பெரியவளே வந்திறங்கு' என்று அவர் தானாகக் கட்டிக் கட்டிப் பாடினார். நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையாலும் காதைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சைத் தேடுகிறவள் மாதிரி தடவிப் பார்த்தாள். என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை.

வழக்கமாக அரைமணிக்குள் யாராவது ஆடிவிடுவார்கள். அன்றைக்கு யாரும் அசையவில்லை. கற்பூரம் இரண்டு முறை மாற்றினார்கள். வேர்த்து ஊற்ற, பெரியவர் பம்பையை நிறுத்திவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"தாய் வந்து நிக்கறா. மொகத்தைத் திருப்பிகினு நிக்கறா. ஊட்டுல எதனா கொறை கீதா? இருந்தா சொல்லிடுங்கப்பா, மறைக்காதீங்க."

பின்னாலிருந்து ஒருத்தி, "இன்னா கொறைன்னு ஊருக்கே தெரியும்" என்று முணுமுணுத்தாள். எல்லாத் தலையும் அம்மா பக்கம் திரும்பிற்று. சம்பந்தியம்மாள்கூடத் திரும்பிப் பார்த்தாள். அம்மா முந்தானையை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

நான் முன்னால் போனேன். கரகத்தைப் பார்த்துப் பேசுவதா, ஜனங்களைப் பார்த்துப் பேசுவதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"என்னைப் படிக்க வெக்காதது எங்கம்மா இல்ல. அவங்க தெனம் அனுப்பினாங்க. நான்தான் ஏரிக்கரையில சிலேட்டை ஒளிச்சிட்டு மலைக்கு ஓடிப்போனேன். ஊர்ல எல்லாரும் அவங்களைச் சொன்னப்ப கேட்டுகினு சும்மா இருந்தேன். கொழுக்கட்டைக்காக சும்மா இருந்தேன். கொறை என்னுதுதான்."

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார், பிறகு அடக்கிக்கொண்டார். ஒரு பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்து அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் கொஞ்சமும் நிம்மதி இல்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றாள்.

"இன்னாம்மா தெரியும்?"

"நீ ஓடினது. மொத வாரத்துலயே வாத்தியாரு வந்து சொல்லிட்டாரு. நானே ஏரிக்கரைக்கு வந்து கல்லைப் பொரட்டி சிலேட்டைப் பார்த்துட்டு, திரும்ப அங்கியே வெச்சிட்டு வந்தேன்." குரல் உடைந்தது. "உன் தங்கச்சி ஒரு நாள் போவமாட்டேன்னு அடம் புடிச்சா. கால்லியே நாலு போட்டு, இழுத்துகினு போய் வாத்தியார் எதுர ஒக்கார வெச்சேன். உன்னை அடிக்கல. அக்கா புள்ள மேல கை வெச்சான்னு ஊரு சொல்லும்னு அடிக்கல. நான் பெத்த புள்ளையா இருந்தா அடிச்சி அனுப்பியிருப்பேன். ரெண்டு அடி வாங்கியிருந்தா நீ படிச்சிருப்பே. அதைத்தான் கேக்கறா உங்கம்மா. ஏன்டி எம்புள்ளைய அடிக்கலன்னு கேக்கறா."

நான் பாதி விளையாட்டாக, பாதி எதுவென்று எனக்கே தெரியாமல், திரும்பி நின்று முதுகைக் காட்டினேன்.

"இப்ப அடிம்மா. அதுக்கு இன்னா."

அவள் அடித்தாள். ஓங்கியே அடித்தாள். மேல்துண்டு நழுவி விழுந்தது. இன்னொரு அடி அதைவிடப் பலமாக விழுந்தது. கரகத்துப் பக்கம் இரண்டு எட்டு தடுமாறிப் போய் நின்றேன். நாற்பது வயசுக்குமேல் ஆன, பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனுஷன்.

"வந்துட்டாடா தாயி" என்று பெரியவர் கத்தினார்.

பம்பை மூன்று பங்கு வேகத்தில் எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். எங்கள் ஜனங்கள் கண்ணுக்குத் தெரிந்தது இதுதான்: பூவாடைக்காரி இளையாள் மேல் இறங்கி, தான் பெற்ற பிள்ளையைத் தானே அடித்துவிட்டாள். முணுமுணுத்தவள்தான் முதலில் ஓடிவந்து அம்மா காலில் விழுந்தாள். சம்பந்தி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். யாரோ அம்மாவின் நெற்றியில் திருநீற்றை அப்பினார்கள். பெரியவர் குனிந்து கேட்டார்.

"தாயே, பேத்தி கல்யாணத்துக்கு உத்தரவு குடுக்கறியா?"

அம்மா திருதிருவென்று முழித்தாள். என்னைப் பார்த்தாள். கரகத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, "நடத்துங்க" என்றாள். அது அம்மாவின் குரல்தான். ஆனால் அந்தக் குரலில் அவள் அதற்கு முன் பேசி நான் கேட்டதில்லை.

சாப்பாடு முடிந்து வேன் கிளம்பிப் போன பிறகு, மத்தியானத்தில் அவள் பாயில் படுத்திருந்தாள். என் மனைவி என் முதுகுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு விரலும் தனித்தனியாகப் பதிந்திருக்கிறது என்றாள். அம்மா எங்களைக் கூப்பிட்டாள்.

"அக்கா வரலடா. நான்தான் அடிச்சேன்."

"அப்ப உத்தரவு குடுத்தீங்களே அத்தே?" என்றாள் என் மனைவி.

"கேட்டாங்க, குடுத்தேன். அக்கா வந்திருந்தா மாட்டேன்னா சொல்லப்போறா?"

நான் பாட்டைப் பற்றிக் கேட்டேன். பம்பைக்காரர் அடிக்க ஆரம்பித்ததுமே உள்ளே அடித்தது நின்றுவிட்டதாம். இரண்டு மாசத்தில் முதல் முறையாகக் காது காலியாகிவிட்டதாம். வீட்டுக்குள் இருந்தவர்கள் சொல்லாமல் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது என்றாள்.

"இப்ப?"

"சாப்புடறப்ப திரும்ப ஆரம்பிச்சிடுச்சி."

"பயமா கீதா?"

"கேள்வி இல்ல இப்ப. சும்மா பாடறா" என்றாள்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தாள். காது அநேகமாக முழுசாகப் போய்விட்டது. பாட்டு மட்டும் போகவில்லை. என் மனைவி அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, 'இன்னிக்கு இன்னா அத்தே' என்று உரக்கக் கேட்பாள். 'இன்னிக்கு மெதுவா' என்பாள், 'இன்னிக்கு சிலம்பு மட்டும்' என்பாள்.

ஆனால் அன்று மத்தியானம் அவள் கடைசியாகச் சொன்ன ஒன்று இருக்கிறது. என் மனைவி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு சொன்னாள். வலது கையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"மொத அடி நான் அடிச்சேன்டா. அதோட போதும்னு கையை இறக்கிட்டேன். ரெண்டாவது அடிக்கணும்னு நான் நெனக்கவே இல்ல."